செல்வி வீட்டுச் சுவரும் மண்சரிவு ஆராய்ச்சியாளர்களும்

ஆராய்ச்சியாளர்களுக்கான இணையக் குழுவை நடத்துகிறவருக்கு வேண்டிய முதல் தகுதி, பதில் வராத கேள்விகளோடு வாழப் பழகுவது. குடும்பக் குழு, குடியிருப்போர் குழு, பழைய மாணவர் குழு என்று ஏதோ ஒன்றுக்கு அட்மினாகி மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு வேலை கிடைத்த விதம்

பொறியியல் கல்லூரி ஒன்றில் நூலகராக இருந்து ஓய்வு பெற்று, பெருமாள்மலையில் தனியாகக் குடியிருக்கிறேன். மண்சரிவைப் பற்றி ஆராய்கிறவர்கள் ஒரு குழு தொடங்கி, அதை யார் நடத்துவது என்று சண்டை போட்டு, கடைசியில் என் பழைய கல்லூரிப் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார். மழைக்காலத்தில் இந்த மலையில் யாரும் யாரையும் தேடி வருவதில்லை. திரையில் நாலு பச்சைப் புள்ளி எரிந்தால், எங்கோ நாலு பேர் இருக்கிறார்கள் என்று ஒரு தெம்பு. அதற்காகவே ஆசைப்பட்டேன்.

ஆனாலும் நேர்மையாக, "எனக்கு மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாதே சார்" என்றேன்.

"அதனாலதான் மேடம் உங்களைக் கூப்பிடறேன். தெரிஞ்சவங்களை உட்கார வச்சா அவங்களும் சண்டையில இறங்கிடுறாங்க."

ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க

செல்விக்கு மலைப்பாதைச் சந்திப்பில் டீக்கடை. வீடு கொஞ்சம் மேலே, சரிவை வெட்டிக் கட்டியது. வீட்டுக்குப் பின்னால் மலையைத் தாங்கிக்கொண்டு ஒரு கல் சுவர். இந்த ஐப்பசி மழையில் அந்தச் சுவர் நடுவில் வயிறு தள்ளிவிட்டது. புருஷன், இரண்டு பெண்பிள்ளைகள், மாமியார் எல்லாரும் அதன் அடியில்தான் படுக்கிறார்கள். ஊராட்சி அலுவலகத்தில் மனு கொடுத்திருந்தார்கள்; ஆள் இன்னும் வந்து பார்க்கவில்லை. பேத்துப்பாறையில் செல்வியின் சின்னம்மா வீட்டுக்குப் போய்விடலாம். மாமியார்தான் அசையவில்லை. படித்தவர்கள் யாராவது சொன்னால் கிளம்புவாராம்.

நூலகர் என்றாலும் ஊருக்கு நான் டீச்சர். சுவரைப் படம் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது செல்வி சொன்னாள்: "உங்க குரூப்புல அம்புட்டுப் பேரும் மண்ணைப் பத்தித்தான படிக்கிறாங்க டீச்சர்? சொவரு நிக்குமா விழுகுமான்னு வெரசா ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க."

பூங்கொத்துக்கு அடியில்

படத்தைக் குழுவில் போட்டேன். அதே காலையில் உறுப்பினர் ஒருவரின் கட்டுரை வெளிநாட்டு இதழில் ஏற்கப்பட்டிருந்தது. வாழ்த்துகள், கைதட்டல், பூங்கொத்து, மறுபடியும் பூங்கொத்து. வாழ்த்தியவர்களுக்கு நன்றி, நன்றிக்கு வணக்கம். செல்வியின் சுவர் அத்தனை பூவுக்கும் அடியில் போய்விட்டது.

திருச்சியில் ஆய்வு மாணவியாக இருக்கும் கார்த்திகாவைத் தனியே அழைத்து, என் கேள்வியைப் பார்த்தாயா என்றேன்.

"அதைத் தேடித்தான் மேடம் போனேன். தள்ளித் தள்ளி விரல் வலிச்சிடுச்சு. சரின்னு நானும் ஒரு பூ வச்சிட்டு வந்துட்டேன்."

இருன்னும் சொல்லல

மறுநாள் மறுபடியும் போட்டேன். பதில்கள் வந்தன. ஒருவர் மண்ணின் உராய்வுக் கோணம் என்ன என்று கேட்டார். ஒருவர் துளை போட்டு நீர்மட்டம் அளக்கச் சொன்னார். ஒருவர் தன் பழைய கட்டுரைகள் அனைத்தையும் இணைத்திருந்தார். இருவர், இதைப் புடைப்பு என்று சொல்லலாமா, சாய்வு என்று சொல்லலாமா என்று ஆரம்பித்து, ஒருவருடைய ஆய்வு வழிகாட்டியை மற்றவர் பழிப்பதில் போய் நின்றார்கள். பேராசிரியர், "படத்தை வைத்துக் கருத்துச் சொல்வது அறிவியல் ஆகாது" என்று முடித்துவைத்தார்.

கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தமிழில் வாசித்துக் காட்டினேன். மேகம் உள்ளே வந்து பெஞ்சு பெஞ்சாக நின்றது. செல்வி கையில் வடிகட்டியோடு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டு எழுந்தார்.

"ஏத்தா, இம்புட்டு நேரம் பேசுறாக. போன்னும் சொல்லல, இருன்னும் சொல்லல. நான் வீட்டுக்குப் போயிப் படுக்கேன்."

அறிவியல் இல்லாத கேள்வி

மழை வலுத்தது. மாமியார் வாசலைத் தாண்டுவதற்குள் எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. இவர்களிடம் சுவரைப் பற்றிக் கேட்டால் சுவரைப் பற்றித்தான் பேசுவார்கள். அங்கேயே உட்கார்ந்து தட்டினேன்: "இன்றைக்கு இந்தச் சுவருக்கு அடியில் உங்கள் குழந்தையைத் தூங்க வைப்பீர்களா? ஒரு சொல்லில் பதில் சொல்லுங்கள்."

முதலில் கார்த்திகா: "மாட்டேன்." அடுத்து ஒருவர்: "இல்லை." புடைப்புக்காரரும் சாய்வுக்காரரும் ஒரே நொடியில், "கூடாது." சேர்ந்த நாள் முதல் வாயே திறக்காதவர்கள்கூட எழுதினார்கள். என் டீ ஆறுவதற்குள் திரை முழுக்க மறுப்பு. பேராசிரியர் எழுதவில்லை, போனிலேயே கூப்பிட்டுவிட்டார்.

"இது அறிவியல் கேள்வியே இல்ல மேடம். நான் தூங்க வைக்க மாட்டேன். உடனே கிளம்பச் சொல்லுங்க."

யாருக்கு டீ

மழைக்கு வாசலிலேயே ஒதுங்கி நின்ற மாமியாருக்கு ஒவ்வொரு "இல்லை"யையும் உரக்க வாசித்தேன். பாதியில் கையமர்த்திவிட்டு வீட்டுக்குப் போய், ரேடியோவைத் துணியில் சுற்றிக்கொண்டு, எல்லாரோடும் பேத்துப்பாறை ஜீப்பில் ஏறினார். மறுநாள் சுவர் நின்றது. அதற்கு மறுநாளும் நின்றது. "உங்க ஆளுகளை விட சொவரு கெட்டி டீச்சர்" என்று செல்வியின் புருஷன் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் மழை கேட்கும்போதெல்லாம் எழுந்து ஜன்னலைத் திறந்து பார்த்தேன். அடுத்த நாள் விடியலில் சுவர் இறங்கிவிட்டது. அடுப்படியும், மாமியாரின் கட்டிலும், பிள்ளைகள் பாய் விரிக்கும் இடமும் மண்ணுக்குள்.

போய்ப் பார்த்தபோது செல்வி பிள்ளைகள் இரண்டு பேரையும் இடுப்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். மாமியார்தான் மண்ணை வெகுநேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இல்லன்னு சொன்ன பிள்ளைகளை ஒரு நாளைக்கு மலைக்கு வரச் சொல்லும்மா, டீயும் பஜ்ஜியும் நம்ம செலவு. அந்தக் கட்டுரை அனுப்புனவரு மட்டும் காசு குடுத்துச் சாப்பிடட்டும்."

நடத்திப் பார்த்தவள் சொல்கிறேன்: ஆராய்ச்சியாளர்களுக்குப் பதில் தெரியாமல் இல்லை, அவர்கள் வாயைத் திறக்கும்வரை சுவர்தான் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.