கிடுகு வேலிக்குள் ஒரு இசை விழா

ஓடிக்கொண்டிருந்த ஒலிபெருக்கி செட்டை நானாகவே நிறுத்தியது என் தொழிலில் ஒரேயொரு தடவைதான். அம்பிளிபயர் சூடாகவில்லை, ஜெனரேட்டரும் பழுதில்லை. கோபம் வந்தது, நிறுத்தினேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. கல்முனையில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தேன். கலியாணம், கந்தூரி, பயான், தேர்தல் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் என் செட் போகும். அந்த வருடம் ஒரு விளையாட்டுக் கழகத்துப் பொடியன்மார் கடற்கரை மைதானத்தில் இசை விழா வைத்தார்கள். சவூதி போய் வந்தவர்களின் வீட்டு வீடியோ டெக்கில் பார்த்துப் பார்த்தே எங்கள் ஊர் இளைஞர்கள் பிரேக் டான்ஸ் பழகியிருந்த காலம். முதுகில் சுழல்வார்கள், தலையில் நிற்பார்கள், கை காலெல்லாம் கரண்ட் அடித்ததுபோல் உதறும். என் ராத்தாவின், அதாவது மூத்த சகோதரியின், மகன் றிஸ்வியும் அப்படி ஆடுகிறவன். விழாவில் கடைசி நிகழ்ச்சி அவனுடைய குழுவினுடையது. யுத்தம் நடந்த நாட்டு நிலைமையில் இரவு விழா என்ற கதைக்கே இடமில்லை. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு தொடங்கி, பொழுது படும்போது சொல்லும் மஃரிப் பாங்குக்கு முன் முடித்துவிட வேண்டும்.

ராத்தா மருதமுனையில் தறி நெய்பவர். மச்சான் மௌத்தான பிறகு அந்தத் தறியை நம்பித்தான் பிள்ளையை ஆளாக்கினார். உன் மகன் கூத்தாடித் திரிகிறான் என்று யாராவது அவரிடம் சொல்லாத நாளில்லை.

“அப்பிடி என்னதான் ஆடுறான் எண்டு ஒருக்கா என்ட கண்ணால பாக்கணும். பாத்துட்டுத்தான் ஏசுறதா இல்லையா எண்டு சொல்லுவன்” என்று டிக்கட் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் மார்க்கப் பயான் என்றால் மேடைக்குப் பக்கத்தில் நாலு புறமும் தென்னோலைக் கிடுகு வேலி அடைத்து, பெண்களை அதற்குள் இருத்தி, ஒரு ஹோர்ன் ஸ்பீக்கரைக் கட்டிவிடுவோம். மௌலவியின் முகம் தெரிய வேண்டியதில்லை, பேச்சுக் கேட்டால் போதும். கழகத்துப் பொடியன்மார் பழக்க தோஷத்தில் இசை விழாவுக்கும் அதே வேலியை அடைத்துவிட்டார்கள். ஆள் உயரத்துக்கும் மேலே. ஆட்டம் பார்க்க டிக்கட் வாங்கிய பெண்கள் கிடுகைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

என்னைக் காக்கா, அண்ணன், என்று கூப்பிடும் கழகச் செயலாளர் அன்சாரிடம் விழா தொடங்கும் முன்பே சொன்னேன்.

“தம்பி, வேலியக் கழட்டி, மேடையில இருந்து பின்னுக்கு நடுவால நீளமாக் கட்டுங்க. ஒரு பக்கம் ஆம்புளையள், மத்தப் பக்கம் பொண்டுகள். ஆளை ஆள் தெரியாது, மேடை ரெண்டு பக்கத்துக்கும் தெரியும்.”

“அப்பிடிக் கட்டினா முன்வரிசையில பாதி பொண்டுகள்ட பக்கம் போயிரும் காக்கா. பெரியாக்கள் வாறாங்க, அவங்கள எங்க இருத்துற? பொண்டுகளுக்கு ஒரு ஹோர்னைக் கட்டி உடுங்க, போதும்.”

மார்க்கத்தைக் காரணம் சொல்லியிருந்தால்கூட வாயை மூடிக்கொண்டு போயிருப்பேன். முன்வரிசைக் கதிரையைக் காரணம் சொன்னான்! ஆட்டத்தை ஹோர்னில் எப்படிக் கேட்பது? பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிவிட்டேன்.

பாட்டுகள் முடிந்தன. றிஸ்வி குழு மேடை ஏறியது. நான் கெசட்டைப் போட்டேன். என் மேசையில் இருந்து பார்த்தால் வேலி தெரியும். கிடுகை விலக்கிக்கொண்டு விரல்கள் வெளியே வந்தன. காவலுக்கு நின்ற ஒருவன் தடியால் கிடுகில் ஓங்கித் தட்டினான்.

“கைய எடுங்க! வேலியப் பிய்க்காதீங்க!”

அம்பிளிபயரை நிறுத்தினேன். மைதானம் விசிலடித்தது. அன்சார் ஓடிவந்தான்.

“என்ன காக்கா, பியூஸ் போயிற்றா?”

“போகல்ல. நான்தான் நிப்பாட்டின. வேலிய மாத்தினாத்தான் செட் ஓடும்.”

“மஃரிபுக்கு நேரம் கிட்டுது, விளையாடாதீங்க! அடுத்த வருஷம் ஒங்கட செட் இந்தப் பக்கம் வராது.”

“வராட்டிப் போகட்டும்.”

செட் ஓடும்வரை பெண்கள் பக்கத்துச் சத்தம் யார் காதிலும் விழவில்லை. இப்போது விழுந்தது. முதலில் ராத்தாவின் குரல்.

“நாங்களும் டிக்கட் எடுத்துத்தான் வந்த! கிடுகு பாக்கிறண்டா எங்கட வீட்டு வளவுலயே இரிக்கி!”

ஆண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. றிஸ்வி மேடையில் இருந்து குதித்து வேலியின் கட்டுகளை அவிழ்க்கத் தொடங்கினான். பின்வரிசை ஆட்களும் கை கொடுத்தார்கள். பெரியாக்கள் தங்கள் கதிரைகளைத் தாங்களே தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். அந்தக் காட்சிக்கே தனி டிக்கட் போட்டிருக்கலாம்.

நான் சொன்னபடி வேலியை நடுவால நீளமாகக் கட்டி முடித்ததும் கெசட்டைப் போட்டேன். றிஸ்வி தலையை ஊன்றிச் சுழன்றான். “அல்லாஹ்வே, கழுத்து!” என்று ராத்தா கத்தியது எனக்கே கேட்டது. ஒரு பாட்டு முடிவதற்கும் பாங்கு சொல்வதற்கும் சரியாக இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில், “ஏச மாட்டன். கஷ்டப்பட்டுத்தான் பழகிருக்கான்” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வருடம் சொன்னபடியே வேறு செட் பிடித்தார்கள். வேலியையும் பழையபடியே பயான் வேலியாக அடைத்தார்கள். பெண்கள் ஒருவரும் டிக்கட் வாங்கவில்லை. சில நாள் கழித்து பஸாரில் கண்ட அன்சார் சிரித்துக்கொண்டு சொன்னான்: “பாத்தீங்களா காக்கா, நம்மட பொண்டுகளுக்கு இதுல விருப்பமே இல்ல.”

சவுண்ட் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வயர் இழுக்கும் முன் பெண்கள் பக்கம் போய் ஒரு கதிரையில் குந்திப் பாருங்கள். மேடை தெரியாவிட்டால் செட்டை லொறியில் இருந்து இறக்காதீர்கள்.