முறைப்பெண்ணுக்குச் சேர்ந்த ரத்தம்

கிரிகரிக்கு ரத்தம் ஓடினால் ஆகாது, நின்றால் பரவாயில்லை. கண்ணாடித் துண்டின் மேல் ஒரு சொட்டாக நிற்கும் ரத்தத்தை நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருப்பார். அதே ரத்தம் யார் விரலிலிருந்தாவது வடிந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வார். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர். ரயில் வேலையில் கைகால் போகும், வெட்டுக்காயம் பார்க்க நேரும் என்று பயந்துதான் கிள்ளானில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை அறைக்கு வந்து சேர்ந்தார். அவருடைய அப்பாவுக்கு இந்தக் கணக்கு கடைசிவரை விளங்கவில்லை.

காய்ச்சல்காரர்களின் ரத்தத்தில் மலேரியாக் கிருமி தேடுவதுதான் அவருடைய அன்றாட வேலை. ஒருவர் ரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றுவதெல்லாம் அந்த 1930களில் அங்கே புதுசு. அதற்கு முன்னால் இரண்டு ரத்தமும் சேருமா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவரும் அவர்தான். சேராததை ஏற்றினால் நோயாளி நடுங்கி நடுங்கியே போய்விடுவார்.

ஒரு மத்தியானம் தெலுக் பங்லிமா காராங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து வீரம்மாவை லோரியில் கொண்டுவந்தார்கள். தோட்டத்துக் குடியிருப்பான லயத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டது. பிள்ளை கத்துகிற கத்தலுக்குக் குறைவில்லை. தாய்க்குத்தான் ரத்தம் நிற்கவில்லை. வெள்ளைக்கார டாக்டர் துரை ஒருவழியாக நிறுத்திவிட்டார். ஆனால் உதடு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பொழுது சாய்வதற்குள் யாராவது ரத்தம் கொடுக்காவிட்டால் பிழைக்கமாட்டாள் என்றார்.

கூட வந்தவர்கள் மூன்று பேர்: புருஷன் கன்னையா, அண்ணன் பழனியப்பன், மாமியார் நல்லம்மாள். அண்ணன் கேட்பதற்குள் கையை நீட்டினான். கிரிகரி வேறு பக்கம் பார்த்தபடி அவன் விரலில் ஊசி குத்தினார். வீரம்மாவின் ரத்தத்திலிருந்து தெளிந்த நீரில் அண்ணனின் சொட்டைக் கலந்ததும் அது கெட்டுப்போன பாலாகத் திரிந்தது. துடைத்துவிட்டு மறுபடி செய்தார். மறுபடியும் திரிந்தது. புருஷனின் சொட்டைக் கலந்தார். அலுங்காமல் கலந்து நின்றது. தன் கண்ணையே நம்பாமல் அதையும் இன்னொருமுறை செய்தார். சந்தேகமில்லை, புருஷன்தான்.

வராந்தாவில் வந்து சொன்னதும் நல்லம்மாள் மகனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"புருஷன் ரத்தம் பொண்டாட்டி ஒடம்புல ஓடுனா அவ இவனுக்குத் தங்கச்சி மொறை ஆயிருவாளே ஐயா. அப்புறம் எப்படிக் குடும்பம் நடத்துறது?"

 கன்னையாவுக்கு மனைவியும் வேண்டும்; அம்மா சொல்வதும் நியாயமாகப் பட்டது. அண்ணன் ரத்தம்தான் முறைப்படி சரி, கண்ணாடியில் ஏதோ கோளாறு என்றாள் நல்லம்மாள். பழனியப்பன் மறுபடியும் கையை நீட்டினான்.

உள்ளேயிருந்து டாக்டர் வந்து, கிழவி என்ன சொல்கிறாள் என்று கேட்டார். தங்கை முறையை இங்கிலீஷில் சொல்லும் வழி கிரிகரிக்குத் தெரியவில்லை. மகன் இளைத்துப்போவான் என்று பயப்படுவதாகச் சொன்னார். முட்டையும் பிராந்தியும் கொடுக்கச் சொல்லு என்றுவிட்டு டாக்டர் போனார். கதவு இடுக்கில் வீரம்மாவின் கை கட்டிலிலிருந்து தொங்குவது தெரிந்தது. நர்ஸ் அதை எடுத்து வைத்தாள். அது தானாகவே மறுபடி சரிந்தது.

கண்ணாடியைத் தவிர எதையும் நம்பாத கிரிகரி அப்போது கேட்டார்:

"மருமவ சொந்தம்தானேம்மா?"

"என் கூடப்பொறந்த தம்பி மவ."

"அப்ப என்ன? ஒங்க ஒடம்புலயும் ஒங்க தம்பி ஒடம்புலயும் ஓடுறது ஒரே ரத்தம். அதைத்தான் மவனுக்குக் குடுத்தீங்க. இப்ப அது தம்பி வீட்டுக்கே திரும்பிப் போவுது. மொறை எங்கே மாறுது?"

நல்லம்மாள் யோசித்தாள். அவள் யோசிக்க யோசிக்க கிரிகரிக்கு வியர்த்தது.

"அப்ப தம்பி மவன் ரத்தம் ஏன் சேரலே?"

தோட்டத்தில் பள்ளிக்கூடமே பார்க்காதவள் கேட்ட கேள்விக்குக் கிரிகரி வாயில் வந்ததைச் சொன்னார்:

"அவன் ஆத்தா வழி போலிருக்கும்மா."

நல்லம்மாளின் முகம் தெளிந்தது. "அதானே பாத்தேன். என் தம்பி பொண்டாட்டி வழியா? அது எதுலதான் சேரும்?" மகன் கையை விட்டாள். "போடா. போய்ப் படு."

வீரம்மாவும் அதே தாய் பெற்ற பிள்ளைதான் என்பது யாருக்கும் தோன்றவில்லை. பழனியப்பனுக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால் அவன் கையை மடக்கிக்கொண்டான்.

ரத்தம் எடுக்கும்போது உறையாமல் கலக்கிக்கொண்டே இருக்க ஆள் இல்லை. கண்ணாடிக் குடுவையை டாக்டர் கிரிகரியிடம் நீட்டினார். குழாய் வழியே சூடாக வந்து விழுந்த ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே கலக்கினார். சுவரைப் பிடித்துக்கொள்ளக் கை ஒழியவில்லை. பிறகு அது வீரம்மாவின் கைக்குள் மெல்ல இறங்கியது. நடுக்கம் வருகிறதா என்று அவள் தாடையையே பார்த்திருந்தார். ஒருமுறை உதடு துடித்தது. தன் கண் பொய் சொல்லியிருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது.

"தண்ணி," என்றாள் வீரம்மா.

கிரிகரி அப்போதுதான் மயங்கி விழுந்தார். அவர் முகத்தில் தண்ணீர் தெளித்த நல்லம்மாள், இவருக்கும் யாராவது ரத்தம் குடுங்கப்பா, ஆனா ஆத்தா வழிய விட்டுருங்க என்றாளாம்.

சில நாளில் வீரம்மா நடந்தே லோரியில் ஏறினாள். நல்லம்மாளோ போன இடமெல்லாம் ஆத்தா வழி ரத்தம் சேராது என்று ஆஸ்பத்திரி கண்டுபிடித்ததைப் பரப்பினாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ரத்தம் கொடுக்க வந்தவர்கள் அத்தனை பேரும் அப்பா வழிச் சொந்தம். அவர்களில் சேராதவர்களுக்குப் பதிலாகத் தாய்மாமனை அழைத்து வாருங்கள் என்று சொல்வதற்குள் கிரிகரிக்குப் பாதி உயிர் போய்விடும்.