ஃபிரிட்ஜுக்கு எழுந்தருளிய சரஸ்வதி

முப்பது ஆண்டுகளாக எனக்கும் என் புத்தக அலமாரிக்கும் நடுவே ஆஸ்துமா நின்றது. பழைய தாளின் தூசி பட்டால் போதும், இன்ஹேலரைத் தேடவேண்டும். இதற்கென்று புதிதாக வந்திருக்கும் ஊசி மருந்தை, மாதத்துக்கு ஒன்றாக, மருத்துவர் ஆடியில் தொடங்கினார். இரண்டு ஊசிகளிலேயே இருமல் தணிந்தது. பேனா வடிவிலான மூன்றாவதை நானே வீட்டில் போட்டுக்கொள்ளலாம் என்றார். குளிர்ச்சி குறைந்தால் மருந்து கெடும், மாற்று ஊசி வர நாளாகும் என்று மருந்துக்கடைக்காரர் எச்சரித்தார்.

சரஸ்வதி பூஜையன்று காலை அது வந்தது. ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், பூஜையில் அடுக்கிய புத்தகங்களின் உச்சியில் ஊசிப் பெட்டி, சந்தனமும் குங்குமமுமாக வீற்றிருந்தது. என் கணவரின் வேலை. கணிதப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர்.

"ஏன்னா, அது ஃபிரிட்ஜுல இருக்கவேண்டியது!"

"உன் மூச்சுக்கு அதுதானே ஆயுதம்? வெச்சாச்சு. நாளைக்குப் புனர்பூஜை ஆறவரைக்கும் நகர்த்தப்படாது."

"அதுவரைக்கும் சரஸ்வதி ஜில்லுனு வெச்சுப்பாளா?"

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வீட்டு வேலைக்கார அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா, ரெண்டு பேரும் மொறச்சிக்கினு கீறீங்க?"

சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏன் ஐயா, கபாலி மாட வீதி சுத்தி வர்றாரே, அப்ப பூஜ நின்னா பூடுது? சாமியோட சேத்து பொட்டிய உள்ள வையி. பிரிஜ்ஜுக்குந்தான் பொட்டு வெச்சிக்கீதே!"

அந்த நிரூபணத்தை அவர் ஏற்றுக்கொண்டார். சிறிய சரஸ்வதி படத்தையும் பெட்டியையும் தாம்பாளத்தில் ஏந்தி, மணியடித்தபடி சமையலறைக்கு நடந்தார். தோசை மாவை ஒதுக்கி நான் இடம் செய்தேன். அன்று முழுவதும் பால் எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே விளக்கு எரிந்ததில் அவருக்குப் பரம திருப்தி.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததை எடுத்து நாலு வரியாவது படிக்கவேண்டும். நான் ஒரு பழைய நாவலைத் திறந்தேன். அவர் ஊசிப் பெட்டிக்குள்ளிருந்த தாளை விரித்து, பூதக்கண்ணாடி வைத்து உரக்கப் படித்தார்.

"போட்டுக்கறதுக்கு அரை மணி முன்னாடி வெளில எடுத்து வைக்கணுமாம். பாத்தியா? நேத்திக்கு நானும் அரை மணிதான் வெச்சேன்!"

"ஒரு நாள் முன்னாடியே வெச்சுட்டேள்."

அரை மணி கழித்து ஊசியைப் போட்டுக்கொண்டேன். அவர் தாளின் பின்பக்கத்துக்குப் போனார். நான், இருமாமல், மூன்றாம் அத்தியாயத்துக்கு.