கோழிக்குக் கிடைத்த அறை

ஓட்டல் அறைக்கு எந்தக் கணக்கில் வாடகை போடுகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கியதில்லை. என் தங்கை மக்கள் பள்ளி விடுமுறைக்கு மலைமேல் இருக்கும் சூதாட்ட ஊருக்குப் போவதற்காக அறை விலை விசாரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். வாரநாளில் ஒரு விலை, சனிக்கிழமை ஒரு விலை, சூதாடுகிறவருக்குச் சலுகை விலை. கட்டிலும் தலையணையும் அதேதான். இந்தக் கூத்தை நான் மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்திலேயே ஈப்போவில் பார்த்துவிட்டேன். அப்போதும் ஒன்றும் புரியவில்லை.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஈப்போ பக்கம், லகாட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டம். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் எங்களுக்கு ஒரே அறை. மாமியார், மச்சாண்டார், ஓரகத்தி, அவர்களுடைய பிள்ளைகள், அப்புறம் நாங்கள் இருவர். நடுவில் ஒரு சாக்குப் படுதா. இந்தப் பக்கம் நாங்கள் இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து மாமியார் "தண்ணி வேணுமா?" என்பார். புருஷனோடு பேச வேண்டுமென்றால் கிணற்றடிக்குப் போக வேண்டும். அங்கேயும் யாராவது துணி துவைத்துக்கொண்டிருப்பார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர் முகத்தை நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

ஜப்பான் சக்கரவர்த்தியின் பிறந்தநாள் என்று இரண்டு நாள் வேலை இல்லை என்றார்கள். கூடவே தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி இன்னொன்றும் சொன்னார். விடுமுறை முடிந்த காலையில் பெரட்டில் எல்லோரையும் நிறுத்திப் பேர் கூப்பிடும்போது, சயாமுக்கு ரயில் பாதை போடப் போகிறவர்களைத் தனியாகப் பிரித்துவிடுவார்களாம். அதில் என் வீட்டுக்காரரும் ஒருவர். கொஞ்ச மாதத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றார் கிராணி. அதை நம்புவதா வேண்டாமா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் கிணற்றடிக்கு வந்து, "ஈப்போவுக்குப் போலாம் புள்ள. ஒரு ரூம்பு எடுத்து ஒரு நா இருந்துட்டு வரலாம்" என்றார். ஓட்டல் அறை எல்லாம் துரைமார் சமாச்சாரம் என்று நினைத்திருந்தவள் நான்.

விஷயத்தை ஓரகத்தியிடம் மட்டும் சொன்னோம். அவள் சிரிக்கவில்லை. "வாழமரம் போட்ட தாள நம்பிப் போவாதீங்க. கோழியப் புடிச்சிட்டுப் போங்க. ரெண்டா புடிங்க" என்றாள். வாழைமரத் தாள் என்பது ஜப்பான்காரன் அடித்த நோட்டு. சம்பளமாக அதைத்தான் கொடுத்தான்.

"ஒண்ணு போதும் அண்ணி. புள்ளைங்களுக்கு முட்ட வேணும்ல" என்றார் அவர்.

ரப்பர் தோட்டத்தில் குடியிருந்துகொண்டு எங்கள் சைக்கிளுக்கு டயர் கிடையாது. தண்ணீர் விடும் ரப்பர்க் குழாயை வெட்டிச் சக்கரத்தில் சுற்றியிருந்தார். பின்னால் நான், என் மடியில் கால் கட்டிய கோழி. லகாட்டைத் தாண்டுவதற்குள் என் இடுப்பு எலும்பு எல்லாம் இடம் மாறிவிட்டது. ஆனாலும் அந்த வழியெல்லாம் அவர் முதுகில் சாய்ந்துகொண்டு வந்தேன், யாரும் தண்ணீர் வேணுமா என்று கேட்கவில்லை. சந்தோஷமாக இருந்தது.

ஈப்போவில் சாப்பாட்டுக்குத்தான் பஞ்சம், சூதாட்டத்துக்குப் பஞ்சமில்லை. தகரம் அடைத்த பெரிய கேளிக்கைப் பார்க் ஒன்றில் ஜப்பான்காரன் அனுமதியோடு ஆடினார்கள். சுற்று வட்டாரத்திலிருந்து ஆட்கள் வந்து இறங்கியதால் தங்குமிடம் எல்லாம் நிரம்பி வழிந்தது. ரயிலடிக்குப் பக்கத்தில் நம்ம ஆள் ஒருவர் மாடியில் அறை விட்டுக்கொண்டிருந்தார்.

"ரூம்பு என்ன வெலண்ணே?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"எப்ப கேக்குற?"

"இப்பதாண்ணே கேக்குறேன்."

"இப்பன்னா ஒரு வெல. காலையில வந்திருந்தா பாதி. பொழுது சாஞ்சா எனக்கே தெரியாதுலா. பார்க்குக்கு எத்தன பேரு வாரானோ அதப் பொறுத்து."

கோழிக்கு என்ன கொடுப்பீர்கள் என்று நான் கேட்டேன். கோழியை வாங்கிக்கொண்டு வாழைமரத் தாள் தருவாராம், அந்தத் தாளைக் கொடுத்து நாங்கள் அறை எடுக்க வேண்டுமாம், ஆனால் தாள் போதாதாம். கோழிக்கு நேராக அறையைக் கொடுத்தால் என்ன என்றேன். "அது வேற கணக்கும்மா" என்றார். என்ன கணக்கு என்று அவரும் சொல்லவில்லை. அடுத்த இடத்தில் அரிசியாகக் கேட்டார்கள். அரிசி இருந்தால் நாங்கள் ஏன் மரவள்ளிக்கிழங்கைத் தின்கிறோம்? எனக்கு எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் பார்க்குக்கு எதிரே ஒரு சீனத்து அம்மாவின் தங்கும் விடுதி. மலாயில் பேசினாள். கோழியைத் தூக்கி எடை பார்த்தாள். நெஞ்சைத் தடவினாள். பிறகு, நீங்கள் விளையாட வந்தவர்களா என்று கேட்டாள். இல்லை என்றால் கோழியோடு அரிசியும் வேண்டும், ஆமாம் என்றால் கோழி மட்டும் போதும் என்றாள். பார்க் அவள் தம்பி நடத்துவது. ஆடுகிறவருக்கு அறை மலிவு. ஆமாம் என்று சொல்லிவிட்டோம். சிவப்புச் சாயம் பூசிய மூங்கில் சீட்டு ஒன்றைக் கொடுத்து, அதை அங்கே காட்டவேண்டும் என்றாள். மறுநாள் பன்னிரண்டு மணிக்கு அறையைக் காலி செய்துவிட வேண்டும் என்றாள்.

என் வீட்டுக்காரர் வாழ்நாளில் ஒரு காசு வைத்து ஆடியவர் இல்லை. "சும்மா தலையக் காட்டிட்டு வாரேன் புள்ள. மடியில இருக்கிற சம்பளத் தாள் போனா போவட்டும். நீ மேல போயி இரு" என்றார்.

அறை நன்றாக இருந்தது. கட்டில், பஞ்சு மெத்தை, தாழ்ப்பாள் போட்ட கதவு. தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுத் திறந்து பார்த்தேன். என்னை உள்ளே வைத்து நானே பூட்டிக்கொள்வது அதுதான் முதல் தடவை. தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் வரவில்லை. விளக்கு வைத்தார்கள், வரவில்லை. கீழே இறங்கிக் கேட்டால் அந்த அம்மா, பார்க் கதவைச் சாத்தியாயிற்று, ஆடுகிறவரை விடிந்தால்தான் வெளியே விடுவார்கள், ஊரடங்கு என்றாள். இதை முதலிலேயே சொல்வதற்கென்ன? அவள் சொல்லி எங்களுக்குத்தான் விளங்கவில்லையோ என்னவோ. என் வாழ்க்கையில் நான் படுத்த முதல் மெத்தையில் தன்னந்தனியாகப் படுத்துக்கொண்டு அந்தப் பெண்பிள்ளையை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

விடிந்ததும் வந்தார். கண் சிவந்திருந்தது. வேட்டி மடிப்பு புடைத்திருந்தது.

"ஜெயிச்சிட்டேன் புள்ள" என்று தாளை எல்லாம் மெத்தையில் கொட்டினார். எதை வைத்தாலும் வந்ததாம், ஏன் வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே என் மடியில் தலை வைத்தார். "கொஞ்சம் கண்ண மூடுறேன். எழுப்பு" என்றார். அடுத்த மூச்சில் தூங்கிப்போனார்.

நான் எழுப்பவில்லை. ஜன்னலில் பார்த்தேன், வெயில் எதிர்வீட்டுக் கூரையில்தான் இருந்தது. பன்னிரண்டு மணி என்றால் வெயில் உச்சிக்கு வர வேண்டும். எங்களுக்கு மணி என்பது அதுதான். லயத்தில் கடிகாரம் ஏது? இவர் கொஞ்சம் தூங்கட்டும், அப்புறம் எவ்வளவோ நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். அவர் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். வலது புருவத்தில் ஒரு சின்ன மச்சம் இருந்தது. இத்தனை மாதம் குடும்பம் நடத்தி அது எனக்குத் தெரியவில்லை.

வெயில் ஜன்னல் கட்டைக்குக்கூட வரவில்லை, கதவைத் தட்டினார்கள். சீனத்து அம்மா நின்றாள். பன்னிரண்டு மணி என்றாள். நான் வெயிலைக் காட்டினேன். அவள் மாடிப்படியில் மாட்டியிருந்த கடிகாரத்தைக் காட்டினாள். இரண்டு முள்ளும் ஒன்றாக உச்சியில் நின்றன. ஜப்பான்காரன் வந்ததிலிருந்து ஊரெல்லாம் டோக்கியோ மணிதானாம், அது நம்ம ஊர் மணிக்கு முந்தி ஓடுமாம். தோட்டத்தில் ஆபீஸ் கடிகாரம் அப்படித்தான் ஓடுகிறது என்று நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். அது கிராணியின் கடிகாரத்துக்கு வந்த வியாதி என்று இருந்துவிட்டேன். வெயில் ஓரிடத்தில் இருக்கும்போது மணி வேறிடத்தில் எப்படி இருக்கும்? இன்றைக்கும் யாராவது விளக்கினால் தலையாட்டுவேன், அவ்வளவுதான்.

அவர் எழுந்து வந்தார். மெத்தையிலிருந்த தாள் அத்தனையையும் இரண்டு கையிலும் அள்ளி நீட்டினார். சாயங்காலம்வரை இருந்துவிட்டுப் போகிறோம் என்று மலாயில் கெஞ்சினார். அவர் ஒருவரிடம் கெஞ்சி நான் பார்த்தது அப்போதுதான். சீனத்து அம்மா அந்தத் தாளைத் தொடவே இல்லை.

"லாகி அயாம் அடா?" என்றாள். இன்னொரு கோழி இருக்கிறதா என்று கேட்டாள்.

திரும்பி வரும்போது சைக்கிளில் என் மடி காலியாக இருந்தது. "ஓசியில ஒரு ராத்திரி மெத்தையில படுத்தியே, போதாதா?" என்று அவர் கிண்டல் பண்ணினார். நான் அவர் முதுகில் ஒரு குத்து விட்டேன். பிறகு அங்கேயே முகத்தை வைத்துக்கொண்டேன். மறுநாள் பெரட்டில் அவரைப் பிரித்து நிறுத்தினார்கள். லாரியில் ஏறும்போது அவ்வளவு பேருக்கு நடுவில் என்னைப் பார்த்தார். சயாமிலிருந்து அவர் வரவில்லை.

அவரை லாரியில் ஏற்றிய வாரமே மாமியார் சாக்குப் படுதாவை அவிழ்த்துவிட்டார். இனி எதற்கு என்று நினைத்திருப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் கொல்லைக்குப் போய்க் கூடையைத் திறந்து கோழிகளை வெளியே விட்டேன். ஐந்து இருந்தன. ஓரகத்தி பேச்சைக் கேட்டிருந்தால் நாலுதான் இருந்திருக்கும்.