நான் கோட்டையாக நின்ற நாள்

என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றும் தடுமாறுவேன். பொறுத்துக்கொண்டு படியுங்கள். சொல்லப்போவது ஒரே ஒரு நாளைப் பற்றித்தான்.

தொண்ணூற்று நான்காம் வருடம். அப்பா இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அம்மா புதுப்பட்டினத்தில் தங்கி, கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தாள். என்னை முதலில் சிங்கப்பெருமாள் கோயிலில் சித்தப்பா வீட்டில் விட்டாள். பிறகு திருக்கழுக்குன்றத்தில் பெரியம்மா வீடு. அதன் பிறகு செங்கல்பட்டில் மாமா வீடு. எந்த வீட்டிலும் யாரும் என்னை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. என் துணிப்பையை மாட்ட ஓர் ஆணியும் எந்த வீட்டிலும் இருந்ததில்லை. பை எப்போதும் மூலையில் தரையில்தான் கிடக்கும்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அம்மா வந்திருந்தாள். "ஆகஸ்ட் பதினஞ்சு எனக்கு லீவு வுடுவாங்க. அன்னிக்கி வந்து உன்னக் கூட்டிகினு பூடறேன். துணிமணிய எடுத்து வச்சிக்கோ" என்றாள். நான் மறுநாளே எடுத்து வைத்துவிட்டேன்.

அந்தச் சுதந்திர தினத்துக்கு டீச்சர் ஒரு நாடகம் போட்டார். நம் ஊரை யார் யார் ஆண்டார்கள் என்பது கதை. ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊர்க் கோட்டையை நாங்கள் ரயில் அதன் நடுவே போகும்போது எட்டிப் பார்த்ததோடு சரி. அதை விஜயநகரத்து ராயர் கட்டினார், பிறகு கோல்கொண்டா சுல்தான் வந்தார், பிறகு ஆற்காட்டு நவாப், நடுவில் பிரெஞ்சுக்காரன், கடைசியில் வெள்ளைக்காரத் துரை என்று டீச்சர் சொன்னபோது வாயைப் பிளந்துகொண்டு கேட்டோம். ஒவ்வொருவரும் வந்து பழைய கொடியைப் பிடுங்கிவிட்டுத் தன் கொடியை நட வேண்டும்.

தலைமையாசிரியர் மகனுக்குப் பல்லவ மன்னன் வேஷம். பல்லவர் காலத்தில் இந்தக் கோட்டையே இல்லை என்று டீச்சர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். ஆனால் கிரீடம் ஏற்கெனவே தயாராகிவிட்டிருந்தது. எனவே பல்லவர் முதலில் வந்து வெறும் மேடையை ஆண்டுவிட்டு இறங்க வேண்டும் என்று முடிவாயிற்று.

நான்தான் கோட்டை. ஃபிரிட்ஜ் வந்த பெரிய அட்டைப்பெட்டிக்குக் காவி பூசி, மேலே கோட்டைச் சுவர் மாதிரி வெட்டி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டிருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே மட்டும் வெளியே தெரியும். "கோட்டை பேசாது, நகராது. யார் வந்தாலும் அப்படியே நிக்கணும். உன்னாலதான்டா முடியும்" என்றார் டீச்சர். அந்தப் பள்ளிக்கூடத்தில் என்னை யாரும் பாராட்டியது அது ஒரு தடவைதான்.

முந்தின நாள் ஒத்திகை முடிந்து எல்லோரும் போன பிறகு, பெஞ்சை நகர்த்தும்போது அது என் வலது கால் கட்டைவிரலில் விழுந்து நகம் பெயர்ந்துவிட்டது. ஒரு கந்தல் துணியைச் சுற்றிக்கொண்டேன். வீட்டில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. செருப்பு அறுந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதையும் சொல்லவில்லை. அம்மாதான் வரப்போகிறாளே.

மறுநாள் துணிப்பையை மேடைக்குப் பின்னால் வைத்துவிட்டுப் பெட்டிக்குள் புகுந்தேன். உள்ளே பசை நாற்றம், புழுக்கம். பல்லவர் வந்தார், ஆண்டார், இறங்கவில்லை. ராயர் வந்து கொடி நட்டார். பல்லவர் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சுல்தான் வந்தும் நின்றார்.

நவாப்புக்குப் பொறுக்கவில்லை. "டேய், நீ செத்துட்டடா. எறங்கு."

"எங்கப்பா சொல்லட்டும், எறங்கறேன்."

"உங்கப்பா இன்னா பல்லவருக்கு அப்பாவா? எறங்குடான்னா!"

கூட்டம் சிரித்தது. நவாப் பெட்டியின் ஓட்டை அருகே குனிந்து, "கோட்ட, நீயாவது சொல்லேன்டா" என்றான். கோட்டை பேசவில்லை.

பிரெஞ்சுக்காரன் மீசை ஒரு பக்கம் தொங்க வந்தபோதுதான் அம்மாவைப் பார்த்தேன். கொடிக்கம்பத்துக்கு அந்தப் பக்கம், பச்சைப் புடவையில், கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். மேடையில் இருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பல்லவர், ராயர், சுல்தான், நவாப், யாரும் நான் இல்லை. பிறகு பெட்டியைப் பார்த்தாள். அப்புறம் அவள் கண் கீழே இறங்கியது. தரையையே பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

கூப்பிட்டுவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. "உன்னாலதான்டா முடியும்" என்று டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது. நின்றேன். துரை வந்து கொடி நட்டுவிட்டு நகர்ந்தபோது அந்த இடத்தில் அம்மா இல்லை.

அதன் பிறகு தலைமையாசிரியர் பேசினார். வெள்ளைக்காரன் ஆண்டதைவிட அவர் பேச்சு நீளம் என்று பட்டது. எல்லாம் முடிந்து பெட்டியை விட்டு வெளியே வந்து, துணிப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். சத்துணவு ஆயா என்னைப் பிடித்து ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார்.

"உங்கம்மா இப்பத்தான் குடுத்துட்டு பஸ்ஸுக்குப் போச்சு. இருந்து பாத்துட்டுப் போம்மான்னேன். காதுலயே வாங்கல. இன்னா அவசரமோ!"

பைக்குள் நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. அளவு கச்சிதமாக இருந்தது. அடியில் ஒரு களிம்பு டியூப்பும் கொஞ்சம் பஞ்சும். விரலில் களிம்பைத் தடவி, செருப்பைப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் துணிப்பையும் மறு கையில் பிளாஸ்டிக் பையுமாக மாமா வீட்டுக்கு நடந்தேன். மூலையில் பையை வைத்தேன். அத்தை ஒன்றும் கேட்காமல் சோறு போட்டார்.

இரண்டு வருடம் கழித்து, நான் மாமல்லபுரத்தில் ஒரு விடுதியில் தோட்ட வேலைக்குச் சேர்ந்த சமயம், அத்தைதான் சொன்னார். "அந்த ஆவணியிலியே உங்கம்மா இன்னொருத்தர கட்டிகிச்சு. புள்ளையோட வராதன்னுட்டாராம். அது இன்னா பண்ணும், சொல்லு?"

அப்போதும் நான் நம்பியது ஒன்றுதான். அன்றைக்கு நான் வாய் திறந்து ஒரு தடவை கூப்பிட்டிருந்தால், அம்மா என்னைப் பார்த்திருப்பாள். பார்த்திருந்தால் விட்டுவிட்டுப் போயிருக்க மாட்டாள். முப்பது வருடம் இந்த எண்ணத்தோடு என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் கேட்டதில்லை. கேட்க இப்போது அம்மாவும் இல்லை.

நேற்று என் மகள் பள்ளிக்கூடக் கொடியேற்றத்துக்குப் போய்விட்டு, காலில் அடிபட்டுக்கொண்டு வந்தாள். மருந்துக் கடையில் களிம்பு வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

என் விரலில் அடிபட்டது முந்தின நாள் சாயங்காலம். ஒருவரிடமும் நான் சொல்லவில்லை. அம்மா கொடுத்த பையில் களிம்பு இருந்தது.

பத்து வயதில், செருப்பு சரியாக இருந்த சந்தோஷத்தில், அதை நான் யோசிக்கவில்லை.

16-8-2025, சனிக்கிழமை.