உயிரோடு இருப்பவருக்கு எந்தப் பாட்டு?

போன வாரம் எங்கள் பங்குக் கோயில் ஹாலில் ஒருவர் இறந்துபோனார். இறந்தவர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பயந்துவிடாதீர்கள். முழுதாகச் சொல்கிறேன்.

என் நாத்தனார் டெய்சியை ராயபுரத்தில் ‘கேரம் டெய்சி’ என்றால்தான் தெரியும். ஆண்கள் மட்டுமே ஆடிய கிளப்பில் போய் உட்கார்ந்து, ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பியவள். அவள் வாழ்க்கையைப் பாட்டும் ஆட்டமுமாக மேடை ஏற்றுவது என்று கோயில் பிள்ளைகள் முடிவு செய்தார்கள். டைரக்டர், காலேஜில் நாடகம் படித்த ஷாரன். ஞாயிற்றுக்கிழமை நாடகம். புதன்கிழமை வரை முதல் பாட்டு அமையவில்லை.

முதல் பாட்டுதான் முக்கியமாம். “ஆன்ட்டி, திரை தொறந்த ரெண்டு நிமிஷத்துல ஆடியன்ஸ் அவங்கள லவ் பண்ணணும்” என்றாள் ஷாரன். ஆர்கெஸ்ட்ரா மாதிரி ஒன்று போட்டுப் பார்த்தார்கள் – டெய்சிக்குக் கொட்டாவி வந்தது. கோயில் பாட்டு மெட்டில் ஒன்று... “நான் இன்னா புனிதையா?” என்று கேட்டுவிட்டாள்.

கடைசியில் மூலக்கொத்தளத்திலிருந்து கானா பாடும் சேட்டு வந்தார். கண்ணை மூடினார். கையிலிருந்த டேப் மேளத்தைத் தட்டினார்.

“காசிமேட்டு காத்தடிக்க டெய்சி அக்கா பொறந்தா –
ஆம்பளைங்க கேரம் கிளப்பு கதவ அவதான் தொறந்தா...”

என்ன குரல்! ஷாரன் கையை நீட்டி, சிலிர்த்து நின்ற முடியைக் காட்டினாள். நானும் தலையாட்டினேன். ஆனால் இந்த இழுப்பை எங்கே கேட்டிருக்கிறேன்?

அப்போதுதான் பிலோமினா ஓடி வந்தாள். எங்கள் தெருக்காரி. கையில் பெரிய ரோஜா மாலை. நேராக என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள்.

“எப்ப எடுக்குறாங்க அண்ணி?”

“யாரை?”

“டெய்சியத்தான்! ரோட்டுல வந்துகினு இருந்தேன், சேட்டு டெய்சி பேர சொல்லி பாடறது கேட்டுச்சு, முக்குக் கடையில மாலை வாங்கிகினு ஓடியாந்தேன்...”

பஜ்ஜியோடு டெய்சி திரும்பினாள். பிலோமினா மாலையைக் கீழே போட்டாள்.

“அடிப்பாவி, நீ குந்திகினு கீற!”

எங்கள் பக்கத்தில் ஒருவர் பிறந்தது, வளர்ந்தது, வாழ்ந்தது எல்லாவற்றையும் வரிசையாகப் பாடுவது ஒரே ஒரு இடத்தில்தான். சாவு வீட்டில். சேட்டு பாடியது அந்தப் பாட்டு. ஷாரன் வளர்ந்தது அடுக்குமாடிக் குடியிருப்பில், அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்த நாங்களோ ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்!

டெய்சி தட்டைக் கீழே வைத்தாள். “கல்லு மாதிரி கீறேன். என்னைய படுக்க வச்சிட்டீங்களே? இந்தப் பாட்டு ஏறுச்சுன்னா நான் ஞாயித்துக்கெழம வரல. நாடகமும் வாணாம்.”

அவள் சொன்னால் சொன்னதுதான். ஷாரனின் கண்ணில் தண்ணீர் முட்டியது. மூன்று மாத உழைப்பு.

எனக்கு நாலு பேர் நடுவில் பேச வராது. ஆனாலும் அரிப்பு தாங்காமல் சேட்டிடம் மெதுவாகக் கேட்டேன். “வேற மாதிரி ஒரு ஆளோட கதைய பாட வராதாப்பா?”

“உயிரோட கீறவங்கள யாரு யக்கா பாடச் சொல்றாங்க?”

யோசித்துப் பாருங்கள். பிறந்தநாளுக்கு ஒரு பாட்டு இருக்கிறது – அதில் பெயர் மட்டும்தான் நம்முடையது. தாலாட்டில் நாம் இன்னும் ஒன்றுமே செய்திருக்கவில்லை. கல்யாணப் பாட்டில் பாதி மாப்பிள்ளை வீட்டைப் பற்றி. அப்புறம்? ஐம்பது, அறுபது வருஷத்துக்கு ஒரு வரிகூடக் கிடையாதே... ஏன்?

நான் இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதே அங்கே சண்டை வேறு பக்கம் போய்விட்டது.

“அது கெடக்கட்டும். கதவ நான் தொறந்தேன்னு யாருய்யா உன்கிட்ட சொன்னது?” – டெய்சி.

“பாட்டுக்கு நல்லாருந்துச்சு...”

“பொய்யி! கதவு தொறந்துதான் கெடந்துச்சு. வான்னு ஒருத்தனும் கூப்புடல. நானா போயி குந்தினேன்.”

சேட்டு தலையைச் சொறிந்தார். “இத்தினி வருஷமா பாடறேன் யக்கா. தப்புன்னு எந்திரிச்சு சொன்ன மொத ஆளு நீதான்.”

ஹால் முழுக்கச் சிரிப்பு. டெய்சிக்கும் அடக்க முடியவில்லை.

“இன்னும் இன்னா இன்னா பொய்யி வச்சிருக்க? பாடு, பாக்கலாம்.”

அவர் பாடினார். அவள் நிறுத்தினாள். “பொறுமையில பூமாதேவியா? போர்டையே கவுத்தவ நான்!” மறுபடி பாடினார். மறுபடி நிறுத்தினாள். ஷாரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டைத் திறந்து வேகவேகமாக எழுத ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை திரை விலகியபோது மேடையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் சேட்டு. முதல் இழுப்பு வந்ததும் கூட்டம் விக்கித்துப் போனது. எனக்குப் பின்னால் ஒரு அம்மாள் முந்தானையை வாயில் வைத்தார். அப்போது இன்னொரு நாற்காலியிலிருந்து டெய்சியின் குரல் வந்தது. “யோவ், நிறுத்து!”

ஹால் அதிர்ந்தது. ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, அத்தனை பேரும் டெய்சி பக்கம்.

இப்போது சேட்டுக்குத்தான் பேஜாராம். தங்கள் பாட்டை உயிரோடு இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்று எங்கள் தெருவிலிருந்து மூன்று பேர் போய்விட்டு வந்துவிட்டார்கள். நானா? எனக்குக் கூச்சம்.

ஆனால் நேற்று அவர் இந்தப் பக்கம் போனபோது கூப்பிட்டு, ஏலக்காய் போட்டு ஒரு டீ கொடுத்திருக்கிறேன்.