முழங்கை தட்டும் இடம்

மலையகத்து நோர்வூட்டில் எனக்குச் சவரம் செய்யும் சலூன்காரர் கம்பளித் தொப்பியைக் கழற்றியே நான் பார்த்ததில்லை. மேசைமேல் எப்போதும் ஓர் இசைத்தட்டு சுற்றிக்கொண்டிருக்கும். அவருக்குப் பிடித்த பாட்டில் ஓரிடத்தில் ஊசி சிக்கி, ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும். அந்த இடம் நெருங்கியதுமே கத்தியை என் கன்னத்திலிருந்து எடுத்து, முழங்கையால் மேசையை மெல்லத் தட்டுவார். நானும் மூச்சை அடக்கிக்கொள்வேன். பாட்டு நகரும், பிறகு கத்தியும் நகரும்.

போன மாதம் சவரத்துக்கு உட்கார்ந்தபடியே, இசைத்தட்டுக்குப் பதிலாக அதே பாட்டை என் போனில் போட்டேன். கரகரப்பே இல்லை. வாசல் வழியே பனிமூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தது. பாடகி மூச்சு வாங்குவதுகூடத் தனியாகக் கேட்டது.

“கழுவி வச்ச மாதிரி இருக்கு தம்பி” என்றார்.

அந்த இடம் வந்தது. கத்தி உயர்ந்தது, முழங்கை மேசையைத் தட்டியது. பாட்டோ நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. உயர்த்திய கத்தியோடு கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“இதுக்கு நான் தேவையில்ல போலருக்கே.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இப்போதெல்லாம் ஹட்டன் பஸ்ஸில் அந்தப் பாட்டைக் கேட்கும்போது, அந்த இடத்தில் மூச்சை அடக்கிக்கொள்கிறேன். பாட்டு எனக்காக நிற்பதில்லை.